பூசைக்குப் போன பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

செப்டம்பர் 28, ஞாயிறு

அரசு அறிவிப்பு.

இதனால் பல்லடம், மாணிக்காபுரம் சாலை, மூன்றாவது சந்தில் வசிக்கும் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: எங்கள் வீட்டு வெள்ளைக் காருக்கு, வருகிற புதன்கிழமை ஆயுத பூஜை நன்னாளில், எஞ்சின் ஆயில் மாற்றப்படும். மாற்றுபவர் பதினோராம் வகுப்பு ‘பி’ பிரிவு கு. கவியரசு. பொதுமக்கள் கூட்டம் சேர்க்க வேண்டாம். ஆயில் மாறினால் ஆயுள் கூடும். ஒப்பம்: அரசு.

என் பெயரின் பின்பாதி அரசு. ஆகவே நான் எதைச் சொன்னாலும் அது அரசு அறிவிப்புதான். இதைக் காகிதத்தில் எழுதி வாசல் கதவில் ஒட்டினேன். அரை மணி நேரத்தில் அதன் கீழே தாரணி அக்காவின் கையெழுத்து: ‘அரசு வேலை எதுவும் சொன்ன தேதியில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.’ அடுத்த அரை மணி நேரத்தில் அம்மா அதைக் கிழித்துக் கறிவேப்பிலை மடித்து வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கோழி கம்பெனியில் சூப்பர்வைசர். இருபத்திரண்டு பண்ணைகள், இருபத்திரண்டும் வெவ்வேறு ஊர்க் காடுகளுக்குள். ஐஸ் பெட்டியில் தடுப்பு மருந்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய், குஞ்சு எத்தனை செத்தது, தீவனம் எவ்வளவு தின்றது என்று பார்க்க வேண்டும். அந்த கம்பெனியில் இதுவரை பெண் சூப்பர்வைசர் கிடையாது. தீபாவளி முடிந்த வியாழக்கிழமை, 23ஆம் தேதி சேர வேண்டும். அப்பா நிபந்தனை போட்டார். அந்தி சாயும் முன் வீட்டுக்கு வரணும், பைக்கில் வேண்டாம், காரில் போகணும்.

பெரியப்பா அதற்கும் வந்து உட்கார்ந்துகொண்டார். “பொம்பளப் புள்ள பண்ணை பண்ணையாச் சுத்தி கோழிக்கு வைத்தியம் பாக்கறதா? ஏன் குழந்தவேலு, சோத்துக்கு இல்லாமயா போயிட்ட?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் செருப்பில் ஒன்றை மட்டும் முருங்கை மரத்தில் மாட்டிவிட்டேன்.


அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வெற்றி. நாற்பதே நிமிடம்.

எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். அக்கா காரின் முன்சக்கரங்களை இரண்டு தறிக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திக் கொடுத்தாள். பதினொன்றரைக்குக் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். டீ குடித்தது, கண்ணில் விழுந்த மண்ணைக் கழுவியது, ஃபோனில் ஆயில் மாற்றும் வீடியோவை மறுபடி மறுபடி பார்த்தது இவற்றையெல்லாம் கழித்தால் நாற்பது நிமிடம்தான் வரும்.

அடியில் ஒரு போல்ட். அதைக் கழற்றினால் பழைய ஆயில் கொட்டும். கொட்டியது. அம்மா சோறு கொட்டும் அன்னக்கூடையில் பிடித்தேன். (அம்மா இது பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத இயலாது.) பிறகு ஃபில்டர். பழையதை ஒரே திருகில் கழற்றி எறிந்தேன். ஃபில்டரா அது, அல்வா. வீடியோவில் அந்த அண்ணன் மூச்சுப் பிடித்துத் திருகியதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. புதிய ஃபில்டர், புதிய ஆயில் மூன்று லிட்டர். முடிந்தது சோலி.

“ஃபில்டரும் மாத்திட்டியாடா?” என்று அக்கா கேட்டாள்.

“மாத்தாம?”

“பழசு எங்க?”

“குப்பை வண்டில போட்டாச்சு.”

இந்த வீட்டில் சாதனையாளனைக் குறுக்கு விசாரணைதான் செய்வார்கள்.

அப்பா விசைத்தறி ஃபிட்டர். அவருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் இரண்டாம் பட்சம், இந்த நாள்தான் பெரிய நாள். நான் வண்டிக்கு அடியில் கிடந்தபோதே ஸ்பேனர், சுத்தியல், குறடு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போய் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வாழை இலையில் வரிசையாகப் படுக்கவைத்துப் பொட்டு வைத்துவிட்டார். நான் காருக்கு அடியிலிருந்து கையை நீட்டித் துழாவினால் ஸ்பேனர் இல்லை. எழுந்து போனேன்.

“அப்பா, அந்தப் பதினேழு ஸ்பேனர் ஒரு நிமிசம்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“பூசைக்கு வெச்சத எடுக்கப்படாது சாமி. காலைல மறுபூசை முடிச்சுட்டு எடுத்துக்க. அதான் வேலை முடிஞ்சுதுன்னு சொன்னியே?”

“முடிஞ்சுதுப்பா.”

சும்மாதான் கேட்டேன். அரைச் சுற்று பாக்கி இருந்தது, அவ்வளவுதான். கையாலேயே நன்றாக முறுக்கிவிட்டேன். என் கை என்ன மெழுகிலா செய்தது?

மாலையில் காருக்கு அலங்காரம். என் துறை. கண்ணாடிக்குச் சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் சந்தனம், ஸ்டியரிங்குக்குச் சந்தனம். உள்ளே மீட்டர் கண்ணாடியைப் பார்த்தால் அசல் நெற்றி மாதிரி இருந்தது. விடுவேனா? மூன்று பட்டை விபூதி குழைத்துப் பூசி, நடுவில் சின்னத் தோசை அளவுக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம். பார்த்தவர்கள் சாமியார் ஓட்டுகிற வண்டி என்று நினைப்பார்கள்.

அக்கா உட்கார்ந்து பார்த்துவிட்டு, “பெட்ரோல் முள்ளே தெரியலடா பரதேசி” என்றாள். முள் இருக்கும் பக்கம் மட்டும் துடைத்துக் கொடுத்தேன். மிச்சம் சாமிக்கு.


அக்டோபர் 2, வியாழன்

எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நான்கும் ஒரே மிதியில் சட்னி. ஸ்பேனரை எடுக்கப் போனேன், என் வகுப்பு மோகித் பந்தோடு வந்துவிட்டான். நாளை.


அக்டோபர் 4, சனி

“இதென்னடா, கார் நிக்கற எடத்துல கருப்பா?” என்றாள் அம்மா.

“எலுமிச்சம்பழச் சாறும்மா.”

“கருப்பாவா?”

“காஞ்சா கருக்கும்.”

பழைய சாக்கு ஒன்றை விரித்துவிட்டேன். கையகலக் கறைக்கு ஒரு கமிஷன் விசாரணை.


அக்டோபர் 7, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டு நாள் ஆகிறது. வகுப்பில் என் ஆயில் சாதனையைச் சொன்னேன். மோகித் மட்டும் நம்பவில்லை. அவனுக்கு என் டிபனில் ஒரு வாய் கிடையாது என்று அரசாணை பிறப்பித்தேன்.

அக்கா தினமும் காரை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாதைகளைப் பார்த்துவருகிறாள். ஒரு நோட்டில் எந்தப் பண்ணைக்கு எந்த வேப்பமரத்தில் திரும்ப வேண்டும், எங்கே நாய் துரத்தும், எங்கே தண்ணீர் தொட்டி என்று படம் போட்டு வைத்திருக்கிறாள். நாய் இருக்கும் இடத்தில் நாய் படம். அந்த நாய்க்கு என் முகம். கீழே என் பெயர் வேறு.

சாக்கில் கறை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. சாக்கைத் திருப்பிப் போட்டேன்.


அக்டோபர் 10, வெள்ளி

அக்காவுடன் கடைவீதிக்குப் போனேன். பண்ணைக்குள் போட்டுக்கொள்ள முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். அவள் ஓட்டுவதைப் பற்றி ஒரு புகார் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் அவள் காரை ஏற்றி இறக்குவது, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி. மடியில் திறந்த டம்ளரில் நீர்மோர் வைத்திருந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. பின்னால் வந்த மினிபஸ்காரர் ஹாரனிலேயே தாலாட்டுப் பாடினார். நடந்துபோன ஒரு எருமை எங்களை முந்திப் போனது, திரும்பிப் பார்த்தது வேறு.

“எறங்கி நடந்துக்கடா அப்ப” என்றாள். “இந்த வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ற வேலை போச்சு. தெரியுமா உனக்கு?”


அக்டோபர் 11, சனி

கார் நின்றுவிட்டது.

காமநாயக்கன்பாளையம் தாண்டி, ஒரு சோளக்காட்டு ஓரம். அக்கா ஃபோன் செய்தபோது அவள் குரல் அவள் குரலாக இல்லை. “கடகடன்னு ஒரு சத்தம்பா. அப்பறம் பிடிச்சு நிறுத்தின மாதிரி நின்னுருச்சு. சாவி திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.”

அப்பா மொபெட்டில் போனார். சென்னியப்பன் அண்ணனின் ஒர்க்ஷாப் வண்டி கயிறு கட்டி இழுத்துவந்தது. எங்கள் சந்தில் எல்லா வாசலிலும் ஆள். கார் இழுபட்டு வருவதைப் பார்க்க எதற்கு இத்தனை பேர்? ஊரில் யார் வண்டியும் நின்றதே இல்லையா? மூன்றாவது வீட்டு அத்தை கேட்கிறாள்: “அம்மிணி ஓட்டிட்டுப் போச்சா?” அந்த ‘அம்மிணி’யில் எத்தனை சர்க்கரை. எனக்கு எல்லார் மேலும் கோபம் வருகிறது.

ஆயில் பார்க்காமல் ஓட்டுவார்களா? பொறுப்பு வேண்டாமா? தினமும் எடுத்தவள் அவள்தானே?


அக்டோபர் 12, ஞாயிறு

கோபமாக இருக்கிறேன். அதனால் கையெழுத்து இப்படி.

காலையில் ஒர்க்ஷாப்பில் அப்பா, அக்கா, நான். அழைக்காமலே பெரியப்பா. சென்னியப்பன் அண்ணன் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்லீங்ணா. எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. பிரிச்சு மேயணும், பெரிய வேலை. அடி போல்ட்டயே காணோம்.”

“போல்ட்டு எப்படிப்பா காணாமப் போகும்?” என்றார் அப்பா.

“கல்லுகில்லுல அடிச்சுத் தெறிச்சிருக்கோணும். இல்லாட்டி சரியா முறுக்காம விட்டிருக்கோணும். யாரு ஆயில் மாத்துனது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“முறுக்குனேன். ஸ்பேனர் போட்டு நல்லா முறுக்குனேன்” என்றேன்.

“ஃபில்டரும் மாத்துனியா தம்பி? பாத்தா அப்படித் தெரியலயே.”

“புழுதிங்ணா.”

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். “அட, சின்னப் பையன எதுக்குக் கேக்கற? ஆயில் தீந்தா மீட்டர்ல செவப்பு லைட்டு எரியும். எரிஞ்சும் நிறுத்தாம ஓட்டுனா எஞ்சின் என்ன பண்ணும்? ஓட்டுனது யாரு?”

“லைட்டு எரியலீங்க பெரியப்பா” என்றாள் அக்கா.

“எரியாமலா இருக்கும்?”

“எரியல.”

“அப்ப போல்ட்டு அதுவாக் கழண்டு ஓடிப்போச்சா? எங்கயாச்சும் அடிச்சியா அம்மிணி, மறைக்காமச் சொல்லு” என்றார் அப்பா. அப்பாவும்.

“எங்கயும் அடிக்கலப்பா.”

அப்போதுதான் நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்து வேகத்தடை, அடியில் ‘டொங்’ என்று ஒரு சத்தம் கேட்டது என்று. எனக்கு ஞாபகம் வந்ததைச் சொன்னேன். ஞாபகம் என்பது அவரவர் சொந்தச் சொத்து.

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நேராகப் போய் மொபெட் பக்கத்தில் நின்றுகொண்டாள். இதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒருவனை நியாயமாகச் சண்டை போடக்கூட விடாமல் அப்படி நிற்பது.


அக்டோபர் 13, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.


அக்டோபர் 14, செவ்வாய்

பள்ளி விட்டு வரும் வழியில் ஒர்க்ஷாப் பக்கம் போனேன். சென்னியப்பன் அண்ணன் டீக்கு வெளியே போயிருந்தார். காருக்குள் ஒரே தூசி. எனக்குச் சுத்தம் முக்கியம். கைக்குட்டையை நனைத்து டேஷ்போர்டு, ஸ்டியரிங், மீட்டர் கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்தேன். சந்தனம் காய்ந்தால் சிமெண்டு மாதிரி ஆகிவிடுகிறது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

அந்தச் சந்தனத்துக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு. மூக்கு நீண்ட எண்ணெய்க் குடுவை மாதிரி படம். வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பாக எரிந்தது. நன்றாகவே எரிகிறது.

கைக்குட்டையை வாய்க்காலில் போட்டுவிட்டேன். பழைய கைக்குட்டை.


அக்டோபர் 15, புதன்

பெரியப்பா வந்தார். எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு நாற்காலி நிரந்தரமாக இருக்கிறது, சட்டசபை மாதிரி. அதில் உட்கார்ந்து தீர்மானம் போட்டார்.

“பத்து நாளு ஓட்டுனதுக்கே ஒரு எஞ்சின் போச்சு. வேலைக்குப் போனா வருசத்துக்கு எத்தன எஞ்சின்? உடுமலைப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குது. நல்ல குடும்பம். பையன் மில்லு வெச்சிருக்கறான். அத முடி.”

அப்பா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அம்மா வீட்டிலிருந்த இன்னொரு கார் சாவியை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். ஓடாத காரின் சாவியை எதற்குப் பூட்டி வைக்க வேண்டும்? அக்கா பார்க்கட்டும் என்றுதானே?

எனக்கு உடம்பெல்லாம் கோபம். பெரியப்பா மேல் கோபம். வாயைத் திறக்காத அப்பா மேல் கோபம். ‘தண்ணி குடிக்கிற மாதிரி ஈஸி நண்பர்களே’ என்று சொன்ன வீடியோ அண்ணன் மேல் கோபம். அவனுடைய வீடியோவின் கீழே ‘நீ போல்ட்டானவன் இல்லடா, போல்ட்டு போனவன்’ என்று எழுதினேன். பதினேழு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்ததும் அதை அழித்துவிட்டேன்.

பெரியப்பா கைகழுவப் போன இடைவெளியில் அவர் ஃபோனின் ரிங்டோனை மாற்றினேன். சேவல் கூவுவது. முழுச் சத்தத்தில்.


அக்டோபர் 17, வெள்ளி

சேவல் கூவிவிட்டது. எங்கே என்றால், துக்க வீட்டில். பெரியப்பா மாலை போடக் குனிந்த நேரத்தில். மூன்று முறை கூவிற்றாம், அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்களாம்.

அம்மா இதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். இந்த வாரத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நான் அக்காவைப் பார்த்தேன். வழக்கமாக இப்படி ஒன்று நடந்தால் அவள்தான் முதலில் கண்டுபிடித்து, “நீதானடா?” என்று தலையில் குட்டுவாள்.

அவள் அந்தப் பண்ணை நோட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குட்டவில்லை.


அக்டோபர் 18, சனி

இன்று மறுபடி. சாப்பிடும்போது.

“அப்பா, நான் சத்தியமா சொல்றன். எந்த விளக்கும் எரியல. எரிஞ்சிருந்தா நிறுத்தாமப் போறதுக்கு நான் என்ன லூசா?”

“அம்மிணி, சென்னியப்பன் பாத்துட்டானே. விளக்கு நல்லாத்தான் எரியுதுங்கறான். வேகத்தடைல அடிச்சத இவனும் கூட இருந்து கேட்டிருக்கறான். உன்னைய நான் வையலயே. பண்ணுனத ஒத்துக்கன்னுதான சொல்றன்.”

“நான் பண்ணலயே.”

“செரி. சாப்புடு.”

அந்த ‘செரி’யை நான் எழுதத் தேவையில்லை. அப்பாவின் ‘செரி’ கேட்டவர்களுக்குத் தெரியும். நம்பவில்லை, பேச்சு முடிந்தது என்று பொருள்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒருத்தி இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது ஏன் நம்பக்கூடாது? சொந்த மகள். இருபத்திரண்டு வருஷமாகப் பொய் சொல்லாதவள். பொய் சொல்கிறவனை மட்டும் ஒரே நாளில் நம்புகிறார்கள். அப்பா மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

மேலே எழுதியதை மறுபடி வாசித்தேன். ‘பொய் சொல்கிறவனை’ என்று இருக்கிறது. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.


அக்டோபர் 19, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அக்கா என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

“நீதான இங்கிலீஷ்ல நல்லா எழுதுவ. கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. செவ்வாய்க்கெழமைக்குள்ள அனுப்போணும்.”

“என்ன லெட்டர்?”

“வரலன்னு. காரணம் கேப்பாங்க. வண்டி ஓட்டறதுல என்னோட கவனக்குறைவுனால விபத்தாகிருச்சு, அதனால என்னால இந்த வேலைக்கு வர முடியாதுன்னு எழுது.”

“எதுக்கு அப்படி எழுதணும்? உடம்பு செரியில்லன்னு எழுதலாமே.”

“பொய் எழுதச் சொல்றியா?” என்றாள். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கே சந்தேகம் வந்துருச்சுடா. ஒருவேளை அடிச்சிருப்பனோ என்னமோ. லைட்டு எரிஞ்சு நான் பாக்காம விட்டிருப்பனோ என்னமோ.”

‘கவனக்குறைவு’க்கு ஆங்கில வார்த்தை எனக்குத் தெரியும். முதல் எழுத்தைப் போட்டேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது. இந்தத் தடவை அந்தக் கோபம் போய் உட்கார வேறு ஆள் கிடைக்கவில்லை. பெரியப்பா இல்லை, அப்பா இல்லை, வீடியோ அண்ணன் இல்லை. அறையில் அக்காவும் நானும்தான். அக்கா மேல் கோபப்பட முடியாது.

“வேகத்தடைல அடிக்கவே இல்லக்கா” என்றேன்.

“ம்?”

“டொங்குன்னு சத்தமே வரல. நீர்மோர்கூடச் சிந்தல. நான் சும்மா சொன்னன்.”

அப்புறம் நிற்கவில்லை. போல்ட்டைக் கையால் மட்டும் திருகியது, ஸ்பேனர் வாழை இலைக்குப் போய்விட்டது, முடிந்தது என்று பெருமையடித்துவிட்டதால் முடியவில்லை என்று அப்பாவிடம் சொல்ல வாய் வராதது, மறுநாள் பந்தாடப் போனது, சாக்கைத் திருப்பிப் போட்டது, மீட்டரில் அப்பிய சந்தனம் அந்த விளக்கின் மேலேயே இருந்தது, செவ்வாய்க்கிழமை போய் அதைச் சுரண்டியது. வரிசையாகச் சொல்லாமல் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அக்கா அறைந்தாள். இடது கன்னம். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். அறைந்ததைத் தாங்கிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். அவரிடம் மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டூல் பெட்டியைத் திறந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். கைப்பிடியில் பூசைப் பொட்டின் மிச்சம் இன்னும் ஒட்டியிருந்தது.

“போல்ட்டு முறுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பனே. சாமி என்ன, கோவிச்சுக்குமா?” என்றார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். திரும்பினாரே தவிர அவளைப் பார்க்க முடியவில்லை. “இவன நம்புனன் பாரு, அம்மிணி. என்னைய என்ன சொல்றது” என்றார் தரையைப் பார்த்து.

“செரிப்பா” என்றாள் அக்கா.

அதே ‘செரி’. அப்பாவுடைய ‘செரி’.


அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அக்கா போட்ட தண்டனை: பொய்யை எங்கே எல்லாம் சொன்னேனோ அங்கே எல்லாம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். நானே. தனியாக.

ஒர்க்ஷாப்பில் சென்னியப்பன் அண்ணன், “எனக்கு அப்பவே டவுட்டு தம்பி. கல்லுல அடிச்சா அடியில ஆயில் நிக்கற சம்ப்புல தழும்பு இருக்கோணும். இல்ல. குடும்பத்துக்குள்ள எதுக்குப் பேசறதுன்னு விட்டுட்டன்” என்றார். சொல்லியிருக்கலாம் என்று அவர் மேல் கோபப்படப் பார்த்தேன். வரவில்லை.

பெரியப்பா வீட்டில் அதிரசத் தட்டோடு எட்டுப் பேர். எட்டுப் பேர் முன்னாலும் சொன்னேன். பெரியப்பா அதிரசத்தை மென்று முடித்துவிட்டு, “அது செரி. அப்பவும் வண்டிய எடுத்தவங்கதான ஆயில் பாக்கோணும்?” என்றார்.

“ஆயில் பாக்கறது அக்கா வேலைதான், நான் மாத்துறன்னு சொல்ற வரைக்கும். நான் மாத்திட்டன்னு சொன்னப்பறம் அக்கா என்னைய நம்புச்சு. நீங்களும்தான் என்னைய நம்புனீங்க, பெரியப்பா. லைட்டு எரிஞ்சுதுன்னு நீங்க அந்தச் சோளக்காட்டுல இருந்து பாத்தீங்களா?”

எட்டு வாயும் அதிரசத்தோடு நின்றன. பெரியம்மா மட்டும், “அவன் கேக்கறதுல என்ன தப்பு?” என்றாள். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில், வெளியே வரும்போது என் இரண்டு செருப்பும் இருக்குமா என்று சந்தேகம் வந்தது. இருந்தன.

சேவல் விஷயத்தைச் சொல்லவில்லை. அது பொய் இல்லை. கேட்டால் சொல்லுவேன்.


அக்டோபர் 21, செவ்வாய்

அக்கா கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். கார் இரண்டு மாதத்துக்கு வராது, மொபெட்டில் வரலாமா என்று கேட்டாள். மேனேஜர், “பசங்க பைக்ல வர்றாங்க. நீங்க எதுல வந்தா என்னம்மா, குஞ்சு செத்த கணக்கு பொழுது சாயறதுக்குள்ள வந்தாப் போதும்” என்றாராம்.

அப்பா தன் மொபெட்டைத் துடைத்து அக்காவுக்காக நிறுத்தினார். இனி தறிக் குடோன்களுக்கு அவர் பஸ்ஸில் போவார். இடுப்பு வலியோடு. டூல் பெட்டியோடு. நான் கேட்டேன், பெட்டியை பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கி வரவா என்று. “தேவையில்ல” என்றார்.

என் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.


அக்டோபர் 23, வியாழன்

காலை ஆறு மணிக்கு அக்கா ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்றாள். மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி. மொபெட் சாவியோடு அந்தக் கார் சாவியையும் ஒரே வளையத்தில் அம்மா கோத்துக் கொடுத்திருக்கிறாள். எஞ்சின் ஒர்க்ஷாப்பில் துண்டு துண்டாகக் கிடக்கிறது, சாவி அக்காவிடம்.

“டேய்” என்றாள். நான்கு நாளுக்குப் பிறகு. “பதினேழு ஸ்பேனர் எடுத்துட்டு வா.”

ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

“பின் சக்கரத்து நட்டப் பாரு.”

பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

“முறுக்கு.”

முறுக்கினேன்.

“கைய எடு.” ஸ்பேனரை வாங்கி அவளே ஒரு தடவை முறுக்கிப் பார்த்தாள். என்னை நம்பவில்லை. நம்பக்கூடாது. அப்புறம் ஸ்பேனரை என் கையில் கொடுக்காமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முனை திரும்பும்போது வேகத்தடை. தொட்டிலில் போடுவது மாதிரி ஏற்றி இறக்கினாள்.

அரசு அறிவிப்பு. திருத்தம்.

செப்டம்பர் 28ஆம் தேதியிட்ட அறிவிப்பு வாபஸ் பெறப்படுகிறது. நாற்பது நிமிடம் என்பது மூன்றரை மணி நேரம் என்று திருத்தி வாசிக்கவும். அதில் ஒரு மணி நேரம் போல்ட்டை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று தெரியாமல் போனது. ஆயில் மூன்று லிட்டர் என்பதில் ஒரு லிட்டர் என் சட்டைக்கு.

இன்னொன்று இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. எட்டுப் பேர் முன்னாலும் சொல்லவில்லை.

அந்த ஃபில்டர் கழலவே இல்லை. இரண்டு கையாலும் திருகினேன், துணி சுற்றித் திருகினேன், தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அதனால் பழையதையே ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு வந்துவிட்டேன். அல்வா என்று எழுதினேனே, அது பொய். புதிய ஃபில்டர் என் கட்டிலுக்கு அடியில், புத்தகப் பைக்குப் பின்னால், அட்டைப்பெட்டி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

நாளை அப்பாவிடம் கொடுக்கிறேன்.

இல்லை. அப்பா இன்னும் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறது. இப்போதே எடுத்துக்கொண்டு போகிறேன்.